ஐம்பதிலும் வளையும்: முதுமையில் மனக்கூர்மை பற்றி ஒரு பாடம்



“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பிள்ளைகளை இளமையிலேயே நல்வழிப்படுத்த வேண்டும் என்பதற்காகப் பெரியோர் சொல்லிவைத்தது இது. காலப்போக்கில் இதை நாம் வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டோம். கணினி பழகச் சொன்னாலும், புதிய பதிகம் ஒன்றைப் பாடமாக்கச் சொன்னாலும், ஆங்கில வகுப்புக்குப் போகச் சொன்னாலும், “இனி இந்த வயதில் எனக்கெதற்கு?” என்று மூத்தோர் ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளும் அதை ஒப்புக்கொண்டு, “அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ, நாங்கள் பார்க்கிறம்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த இதழில் நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்: ஐம்பதிலும் வளையும். அறுபதிலும் எண்பதிலும் வளையும். இளமையிலும் பார்க்க மெதுவாக வளையும், அவ்வளவுதான். வளைக்காமல் விட்டால்தான் விறைத்துப்போகும். இதற்கு அறிவியல் என்ன சான்று தருகிறது, நமது மரபில் இதற்கென என்ன வழிகள் இருந்தன, புலம்பெயர்ந்த நமது வீடுகளில் எதை மாற்ற வேண்டும் என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம். மூத்தோர் மட்டுமன்றி அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது நமது விருப்பம்.

முதுசொமும் தேடியதேட்டமும்

நமது மூளையின் நிறை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் நிறையில் அது ஐம்பதில் ஒரு பங்களவுதான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் அதில் உள்ளன. நாம் ஒன்றைக் கற்கும்போது அக்கலங்களுக்கிடையே புதிய இணைப்புகள் உண்டாகின்றன. ஏற்கெனவே உள்ளவை வலுப்பெறுகின்றன. பயன்படாதவை நலிந்துபோகின்றன. இந்த வேலை எந்த வயதிலும் நின்றுவிடுவதில்லை.

வயது ஏறும்போது மூளையின் வேகம் குறைவது உண்மை. தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனிப்பது கடினமாகும். அதே வேளையில் சொல்வளமும் உலக அனுபவமும் அறுபதைக் கடந்தும் வளரக்கூடியவை. ஆகவே முதுமை என்பது எல்லாம் தேய்ந்துபோகும் காலம் என்று எண்ணுவது தவறு.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் முதுசொம், தேடியதேட்டம் என்று இருவகைச் சொத்துகள் சொல்லப்படுவதை நமது மூத்தோர் அறிவர். முதுசொம் முன்னோர் வழியாக வந்தது. தேடியதேட்டம் நாமே முயன்று சேர்த்தது. மூளைக்கும் இது பொருந்தும். பிறப்போடு வந்தது முதுசொம். வாழ்நாள் முழுவதும் படித்தும், பேசியும், பழகியும், சிந்தித்தும் சேர்ப்பது தேடியதேட்டம். நோய் வந்து முதுசொத்தைக் கரைக்கத் தொடங்கினாலும், தேடியதேட்டம் நிறைய உள்ளவருக்குக் குடும்பம் உடனே நொடித்துப்போவதில்லை.

இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் 1986ஆம் ஆண்டு கத்தோலிக்கக் கன்னியர் மடங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 678 கன்னியாஸ்திரிகள் அதில் பங்குபற்றினர். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உடன்பட்டதோடு, இறந்தபின் தங்கள் மூளையை ஆராயவும் இசைந்தனர். அவர்களுள் ஒருவர் 101 வயது வரை வாழ்ந்தவர். கடைசிக் காலத்திலும் சோதனைகளில் நல்ல புள்ளிகள் பெற்றவர். அவர் மறைந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது அல்சைமர் நோய்க்குரிய அடையாளங்கள் அதில் ஏராளமாக இருந்தன. நோய் மூளையில் இருந்தது, வாழ்க்கையில் வெளிப்படவில்லை. அந்தச் சகோதரிகளில் பலர் ஆசிரியர்களாக இருந்தவர்கள் என்பதும், முதுமையிலும் கூட்டாக வாழ்ந்து தம்மாலான பணிகளைச் செய்து வந்தவர்கள் என்பதும் கவனிக்கத் தக்கவை.

தெரிந்ததையே செய்வது போதுமா?

“நான் ஒவ்வொரு நாளும் தேவாரம் பாடுகிறேன், பத்திரிகை வாசிக்கிறேன், என் மூளைக்கு வேலை கொடுக்கிறேன்தானே?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அறுபது ஆண்டுகளாகப் பாடிவரும் பதிகம் மனத்துக்கு அமைதி தரும், பக்தியை வளர்க்கும். அதை விட்டுவிடும்படி யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மூளை அதைப் பாடுவதற்கு இப்போது பெரிதாக முயல வேண்டியதில்லை. பழகிய பாதையில் மாடு தானாகவே வீடு திரும்புவது போன்றது அது.

அமெரிக்காவின் டலஸ் நகரில் டெனிஸ் பார்க் என்ற பேராசிரியையும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. 60 முதல் 90 வயது வரையான 221 பேர் அதில் பங்குபற்றினர். சிலர் கணினியோடு சேர்ந்த புகைப்படக் கலையைக் கற்றனர். சிலர் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் கலையைக் கற்றனர். சிலர் இரண்டையும் கற்றனர். வேறு சிலர் ஒன்றுகூடிப் பேசிச் சிரித்துப் பொழுதுபோக்கினர். புதிதாக எதையும் கற்கவில்லை. மூன்று மாதங்களுக்கு வாரந்தோறும் சுமார் 15 மணி நேரம் இவ்வாறு நடந்தது. முடிவில், புதிய கலையைக் கற்றவர்களின் நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. தெரிந்ததைச் செய்து பொழுதுபோக்கியவர்களிடம் அத்தகைய மேம்பாடு காணப்படவில்லை.

மூளைப் பயிற்சி விளையாட்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் கொண்டு 1990களின் இறுதியில் தொடங்கிய பெரிய ஆய்வில், ஒவ்வொரு குழுவும் தான் பழகிய திறனிலேயே முன்னேறியது. நினைவுப் பயிற்சி பெற்றவர் நினைவில் முன்னேறினார். காரண காரியம் பழகியவர் அதில் முன்னேறினார். நாளாந்தம் குறுக்கெழுத்துப் போடுபவர் குறுக்கெழுத்தில் வல்லவராவார். அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதுவே எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது.

ஆகவே மனத்துக்கு உரம் தரும் பயிற்சிக்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும் எனலாம். அது நமக்குப் புதிதாக இருக்க வேண்டும். சற்றே கடினமாக, முதலில் தடுமாறச் செய்வதாக இருக்க வேண்டும். விட்டுவிடாமல் தொடர்ந்து செய்வதாக இருக்க வேண்டும். பல பேரோடு சேர்ந்து செய்வதாயின் இன்னும் நன்று.

தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். 1855ஆம் ஆண்டு பிறந்த அவர், ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த தமது பெரும்பணிக்குப் பின், 85 வயதை எட்டும் வேளையில், 1940ஆம் ஆண்டில், தமது வரலாற்றை ஆனந்த விகடன் வார இதழில் தொடராக எழுதத் தொடங்கினார். சிறுவயதில் கண்ட ஊர்களையும், கேட்ட பாடல்களையும், ஆசிரியரோடு இருந்த நாட்களையும் நினைவுகூர்ந்து எழுதினார். 1942இல் அவர் மறைந்தபோது அத்தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. ஏடு பார்த்துப் பதிப்பித்தவருக்குத் தன்வரலாறு எழுதுவது புதிய வேலை. வாராவாரம் காத்திருக்கும் வாசகர் இருந்தனர். மேலே சொன்ன மூன்று இலக்கணங்களும் அதில் அமைந்திருப்பதைக் காண்க.

நமது மரபில் இருந்த பள்ளிக்கூடம்

இப்பயிற்சி நமக்கு அந்நியமானதன்று. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் வாய்ப்பாட்டை முழு எண்களுக்கு மட்டுமன்றி, மா, காணி, முந்திரி என்னும் பின்னங்களுக்கும் மனனம் செய்தனர். எண்பொருளையும் நூறு பொருளையும் ஒருங்கே கவனத்தில் இருத்தும் அட்டாவதானமும் சதாவதானமும் தமிழ்ப் புலவர் அவைகளில் நடந்தன. கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாப் பாடிக்கொண்டே, முதுகில் படும் கற்களை எண்ணி, மணியோசையையும் எண்ணி, கேட்ட கணக்குக்கும் விடை சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளையும், நாகர்கோவிற் பக்கத்துச் செய்குத்தம்பிப் பாவலரும் சதாவதானிகள் எனப் பெயர் பெற்றவர்கள்.

அவதானம் புலவர்க்குரியது. ஆனால் நமது ஊர்க் கோயில்களில் சாதாரண மக்களும் பங்குகொண்ட ஒரு பயிற்சி இருந்தது. அதுவே புராணபடனம். கந்தபுராணத்தையோ திருவாதவூரடிகள் புராணத்தையோ ஒருவர் செய்யுளாக இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் சொல்பவர் செய்யுளைக் காதால் கேட்டு, சொற்களைப் பிரித்து, கொண்டுகூட்டி, பொருளை அவைக்கு விளங்கும்படி அந்த இடத்திலேயே எடுத்துரைக்க வேண்டும். பிழை விட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் திருத்துவார். செவி, நினைவு, மொழியறிவு, பேச்சு, சபை என்ற எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் பயிற்சி இது. இன்றைய மருத்துவர்கள் முதியோருக்கு ஒரு பயிற்சி வகுக்க இருந்தால், இதிலும் சிறந்த ஒன்றை வகுப்பது எளிதன்று.

இப்போது நமது கோயில்களில் பெரும்பாலும் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறோம். அதுவும் நல்லதே. ஆயினும் மாதம் ஒருமுறையாவது மூத்தோர் மாறி மாறி வாசித்தும் பயன் சொல்லியும் புராணபடனம் நடத்தினால் என்ன? முதல் நாள் ஐந்து செய்யுள் போதும். வீட்டில் ஒரு வாரம் அதைப் படித்துப் பொருள் தேடி ஆயத்தம் செய்வதுதான் உண்மையான பயிற்சி.

இருமொழி என்னும் செல்வம்

நாம் வாழும் இந்த ரொறன்ரோ நகரிலேயே நடந்த ஆய்வொன்றை நம் வாசகர் அறிந்திருப்பது நல்லது. பேராசிரியை எலன் பியாலிஸ்ரொக்கும் அவருடைய சகாக்களும் மறதி நோய் தொடர்பாகச் சிகிச்சைக்கு வந்த 184 பேருடைய விபரங்களை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் சராசரியாக 71.4 வயதில் தொடங்கின. வாழ்நாளில் இரு மொழிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு 75.5 வயதில் தொடங்கின. ஐதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவும் இதையொத்தது. அங்கு வித்தியாசம் நாலரை ஆண்டுகள். எழுத்தறிவில்லாதவர்களிடமும் அது காணப்பட்டது. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இரு மொழி நோயைத் தடுக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது; அதன் வெளிப்பாட்டைத் தள்ளிப்போடக்கூடும் என்பதே சரியான பேச்சு.

இதில் நமது குடும்பங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதை நாம் ஒரு குறையாகவே பார்க்கிறோம். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராது என்பதை இன்னொரு குறையாகப் பார்க்கிறோம். இருவரையும் ஒரு மேசையில் அரை மணி நேரம் இருத்தினால் இரண்டு குறையும் ஒரே நேரத்தில் குறையும். பேத்தி ஒரு தமிழ்க் கதையை எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும், அம்மம்மா திருத்தட்டும். பின்னர் அம்மம்மா ஓர் ஆங்கிலச் சிறுவர் நூலை வாசிக்கட்டும், பேத்தி திருத்தட்டும். ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் பாண்டித்தியம் பெற வேண்டும் என்பதில்லை. முயல்வதே பயன்.

உடம்பை மறந்து மனத்தைக் காக்க முடியாது

மூளை இரத்தக் குழாய்களால் வாழும் உறுப்பு. குழாய்கள் கெட்டால் எவ்வளவு படித்தாலும் பயன் குறையும். 2024ஆம் ஆண்டு லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, கேட்கும் திறன் குறைதல், பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, நீரிழிவு, உடற்பருமன், புகைத்தல், மிதமிஞ்சிய மது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலைக் காயம், காற்று மாசு என்பன அவை. இவை யாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் ஏற்படும் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்பது அவர்களது மதிப்பீடு. மீதிப் பாதிக்கு மேற்பட்டவை நம் கையில் இல்லை. ஆகையால் நோய் வந்த ஒருவரையோ அவர் குடும்பத்தையோ, “இவர்கள் கவனிக்கவில்லை” என்று யாரும் குறைசொல்லலாகாது.

இப்பட்டியலில் நமக்கு முக்கியமான சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

1. சலரோகமும் பிரஷரும்: தெற்காசியருக்கு நீரிழிவு ஏனையோரிலும் இளவயதிலேயே, உடற்பருமன் அதிகம் இல்லாதபோதும் வருகிறது. நாற்பது வயதிலேயே இவற்றைச் சோதித்துக் கட்டுப்படுத்துவது எண்பது வயது மூளைக்குச் செய்யும் சேமிப்பாகும். ஆகவே இது தாத்தாமாருக்கான அறிவுரை மட்டுமன்று. அவர்களை வைத்தியரிடம் காரில் கூட்டிச்செல்லும் பிள்ளைகளுக்கும் உரியது.

2. நடை: 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 55 முதல் 80 வயது வரையான 120 பேர் பங்குபற்றினர். வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்தவர்களுக்கு, நினைவைப் பதித்துவைக்கும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி 2 வீதம் பருத்திருந்தது. வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. பனிக்காலத்தில் வெளியே போக முடியாதெனில் கடைத்தொகுதிகளுக்குள் நடக்கலாம். பனி உறைந்த பாதையில் விழுந்து தலையில் அடிபடுவதும் மேலே சொன்ன காரணங்களுள் ஒன்று என்பதால், வழுக்காத சப்பாத்து அவசியம்.

3. காது: காது மந்தமானவர் சபையில் பேச்சு விளங்காமல் மெல்ல ஒதுங்கிவிடுகிறார். அப்படி ஒதுங்குவதோடு மூளைக்கு வேலையும் குறைகிறது. 70 முதல் 84 வயது வரையான 977 பேரைக் கொண்ட ஆய்வு 2023இல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது செவிக்கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி நோய்க்கு ஏதுவான பிற காரணங்கள் கூடுதலாக இருந்தவர்களிடம், மூன்று ஆண்டுகளில் மூளைத்திறன் குன்றும் அளவு 48 வீதம் குறைந்திருந்தது. கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாத நாம் செவிக்கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

4. விற்றமின் பி12: சைவ உணவு உண்பவர் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். இச்சத்து இயற்கையாக மரக்கறியில் இல்லை. பால், தயிர் போன்றவற்றில் ஓரளவு உண்டு. வயது போகும்போது அதை உறிஞ்சும் ஆற்றலும் குறைகிறது. நீரிழிவுக்குப் பலர் எடுக்கும் மெற்போமின் மாத்திரையும் அதைக் குறைக்கக்கூடும். பி12 குறைந்தால் மறதியும் சோர்வும் கால் விறைப்பும் வரலாம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஊசியாலோ மாத்திரையாலோ திருத்தக்கூடியது இது.

5. நினைவு மாத்திரைகள்: கடைகளில் விற்கும் ஜிங்கோ என்ற மூலிகையை 3,069 முதியோருக்குக் கொடுத்துச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்றே தெரிந்தது. வல்லாரைச் சம்பலை ருசித்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அதை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துச் செய்தால் பலன் உண்டா? பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரைக் கொண்டு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தக் குழாய்ப் பராமரிப்பு ஆகிய நான்கையும் இரண்டு ஆண்டுகள் ஒருங்கே நடத்தினார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களிலும் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 2,111 பேரைக் கொண்டு வெளியான ஆய்வும் இதற்கு ஆதரவாக அமைந்தது. அங்கு தாமாகவே முயன்றவர்களும் முன்னேறினர். குழுவாகக் கூடி, ஒழுங்கான அட்டவணையோடு செய்தவர்கள் அவர்களிலும் கூடுதலாக முன்னேறினர்.

அன்பினால் பறிக்கப்படும் வேலைகள்

இனி, இப்பாடத்தின் மையத்துக்கு வருவோம்.

ஊரில் நமது அப்பப்பா காலையில் எழுந்து கோயிலுக்கு நடந்தார். சந்தையில் பேரம் பேசினார். வாசிகசாலையில் பத்திரிகை வாசித்து அரசியல் வாதிட்டார். யார் வீட்டில் எப்போது திவசம், எந்தக் காணிக்கு எது எல்லை, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அம்மம்மா முப்பது பேருக்குச் சமையல் கணக்குப் போட்டார். இவற்றை யாரும் மூளைப் பயிற்சி என்று சொல்லவில்லை. ஆனால் அது அன்றாடம் நடந்தது.

இங்கு வந்தபின் என்ன நடந்தது? காரில் ஏற்றி இறக்குகிறோம். கடிதத்தை நாம் வாசித்துச் சுருக்கம் சொல்கிறோம். வங்கிக் கணக்கை நாம் பார்க்கிறோம். வைத்தியர் கேட்கும் கேள்விக்கு அவர் வாய் திறக்குமுன் நாம் பதில் சொல்கிறோம். கத்தி வெட்டிவிடும், அடுப்புச் சுட்டுவிடும் என்று குசினியிலிருந்தும் அனுப்பிவிடுகிறோம். எல்லாம் அன்பினால்தான். மிஞ்சுவது கதிரையும் தொலைக்காட்சித் தொடரும். காலை எட்டு மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின், மாலை ஆறு மணிவரை அவரோடு ஒரு வார்த்தை பேச வீட்டில் ஆளில்லை. சும்மா இருத்தல் என்று ஞானிகள் சொன்னது மனத்தின் அலைச்சல் அடங்கிய உயர்ந்த நிலை. நாம் பெரியவர்களைக் கதிரையில் இருத்திவைப்பது அதுவன்று.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: எடுத்த வேலைகளில் சிலவற்றைத் திருப்பிக் கொடுங்கள். வாரத்துக்கான மரக்கறிப் பட்டியலும் அதன் கணக்கும் அம்மாவின் பொறுப்பாகட்டும். உறவினர் பிறந்தநாள், திவசம், திருவிழா நாட்கள் அப்பாவின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கட்டும். நீங்கள் அவரிடம் கேளுங்கள். பேருந்தில் கோயிலுக்கு வரும் வழியை இரண்டு முறை கூடச் சென்று பழக்கி, மூன்றாம் முறை தனியே வர விடுங்கள். வைத்தியரிடம் முதலில் அவர் பேசட்டும்; நீங்கள் மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருங்கள். பிழை வரும், நேரம் எடுக்கும். உப்பு ஒருநாள் கூடும். பெரிய நட்டமில்லை.

மூத்தோருக்கு நாம் சொல்வது: கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். “என்னை விடு, நான் செய்து பார்க்கிறேன்” என்று சொல்வது கௌரவக் குறைவன்று. கோயிலில் மாலை கட்டவும், மடைப்பள்ளியில் கைகொடுக்கவும், தமிழ் வகுப்பில் சிறுவருக்கு வாசிப்புப் பழக்கவும், நன்கொடைக் கணக்கை எழுதவும் ஆட்கள் தேவை. நீங்கள் வராவிட்டால் அங்கு ஓர் இடம் வெறுமையாக இருக்கும். நம்மை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார் என்ற எண்ணமே காலையில் எழுந்து முகம் கழுவ வைக்கும்.

எது மறதி, எது நோய்?

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பது வயதின் இயல்பு. கண்ணாடி எதற்கு என்பதே மறந்தால் அது நோயின் அறிகுறி. சொன்னதையே சற்று நேரத்தில் மீண்டும் மீண்டும் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, வழக்கமாகச் செய்த கறியின் ஒழுங்கு தெரியாமல் திகைப்பது, பணக் கணக்கில் திடீர்க் குழப்பம், காரணமின்றிச் சந்தேகமும் கோபமும், நண்பரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை தொடர்ந்து காணப்பட்டால் வைத்தியரை நாடவேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அன்றே காட்டவேண்டும். சிறுநீர்த் தொற்றும் மருந்துகளின் பக்கவிளைவும்கூட அப்படிச் செய்யும்.

மறதியெல்லாம் அல்சைமர் அன்று. பி12 குறைவு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் மறதியைத் தரலாம், இவை திருத்தக்கூடியவை. நாட்டை இழந்து, துணையை இழந்து இங்கு வந்திருப்பவரின் மௌனம் மறதியாக அன்றி மனச்சோர்வாகவும் இருக்கலாம். கனடாவின் மொன்றியலில் உருவாக்கப்பட்ட, 30 புள்ளிகள் கொண்ட ஒரு சிறிய சோதனையை வைத்தியர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். அது பல மொழிகளில் உண்டு. ஆங்கிலத்தில் சோதித்தால் நமது பெரியவர் மொழி தெரியாமல் புள்ளி இழப்பார். ஆதலால் தமிழில் சோதிக்கும்படி கேளுங்கள். அவர் எவ்வளவு படித்தவர் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டு விடயம் வெளியே தெரியக்கூடாது என்று மறைப்பதால் நோயாளிக்கும் நன்மையில்லை, பார்ப்பவருக்கும் நன்மையில்லை. நோய் வந்தவரைக் கோயிலுக்குக் கூட்டி வாருங்கள். நேற்று நடந்தது மறந்தவரும் சின்ன வயதில் பாடமாக்கிய பதிகத்தை நம்மோடு சேர்ந்து பாடுவதை நாம் காணலாம். அவர் இரண்டு முறை ஒன்றையே கேட்டால் இரண்டு முறையும் முகம் கோணாமல் பதில் சொல்வது நமது கடன்.

கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. கடந்த ஓராண்டில் நான் புதிதாகக் கற்றது என்ன? அடுத்த மூன்று மாதத்தில் கற்க விரும்புவது என்ன?

2. நமது வீட்டில் பெரியவர்களிடமிருந்து எந்தெந்த வேலைகளை எடுத்துக்கொண்டோம்? அவற்றுள் எதை இந்த வாரமே திருப்பிக் கொடுக்கலாம்?

3. இரத்த அழுத்தம், நீரிழிவு, காது, கண், பி12 ஆகிய ஐந்தும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன?

4. நமது கோயிலில் மாதாந்தப் புராணபடனம் தொடங்க வாசிப்பவர் யார்? பயன் சொல்பவர் யார்?

இவ்வினாக்களை வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பெரியவரே வாசித்து, பிள்ளைகள் பதில் சொல்லட்டும். நான்காவது வினாவுக்கு விடை உள்ளவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் சபைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வயதெல்லை இல்லை; முன்னனுபவமும் தேவையில்லை. எல்லாம் வல்ல இறைவன் நம் மூத்தோர் அனைவருக்கும் தெளிந்த சிந்தையையும், அவர்களைக் கேட்கும் பொறுமையை நமக்கும் அருள்வானாக.